குரங்கணிச் சீட்டு: காட்டுப் பாதைகளுக்கான சட்டமும் அது எண்ண மறந்த தலைகளும்

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் சென்னைப் புறநகர் பெருங்களத்தூரில் நின்று பாருங்கள். பண்டிகைக் கூட்டம் இல்லாத சாதாரண வாரத்தில்கூட, முதுகில் பெரிய பையும் காலில் கனத்த ஷூவுமாக ஏழெட்டுப் பேர் ஒரு வேனுக்காகக் காத்திருப்பார்கள். முகத்தில் வேலைக் களைப்பு இருக்கும், பேச்சில் இருக்காது. ஏலகிரி, ஜவ்வாது மலை, பர்வதமலை, ஆந்திர எல்லை தாண்டி நாகலாபுரம் என்று எங்காவது ஒரு மலை. திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குள் திரும்பிவிட வேண்டும். பல வருடங்களாக நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

2018 மார்ச் மாதத்தின் இரண்டாவது வார இறுதியிலும் சென்னையிலிருந்து அப்படி ஒரு குழு கிளம்பியது. மகளிர் தினத்தையொட்டி ஏற்பாடு செய்த பயணம் என்பதால் பெண்கள் அதிகம். தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் குரங்கணிக்குப் போனார்கள். அங்கிருந்து கொழுக்குமலைக்கு ஏறி, இரவு மேலே தங்கி, மறுநாள் இறங்கத் தொடங்கினார்கள். அதே சரிவில் திருப்பூர், ஈரோடு பக்கத்திலிருந்து வந்த இன்னொரு குழுவும் இருந்தது. மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது. முதல் கணக்கில் இறந்தவர்கள் 9 பேர். தேனியிலும் மதுரையிலும் சென்னையிலும் தீக்காய சிகிச்சையில் இருந்தவர்கள் அடுத்தடுத்த நாட்களில் இறந்துபோக, எண்ணிக்கை 23 ஆனது.

அந்தச் செய்தி வந்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒவ்வொருவராக "நான் வீட்டில்தான் இருக்கிறேன்" என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் போயிருக்கிறார்கள், யார் போகவில்லை என்பது எங்களுக்கே சரியாகத் தெரியவில்லை. தீயில் சிக்கியவர்களின் எண்ணிக்கை டிவியில் மணிக்கு ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது. 36 என்றார்கள், 39 என்றார்கள்.

எண்ணிக்கையில் இருந்த அந்தக் குழப்பத்தைத்தான் இந்த ஆய்வின் மையமாக வைக்கிறேன். குரங்கணியைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டில் ஒரு பக்கம் நின்றுவிடுவார்கள். ஒன்று, "அனுமதி இல்லாமல் போனார்கள், அதனால்தான்." இன்னொன்று, "வனத்துறை கோட்டை விட்டது, அதனால்தான்." இரண்டும் தண்டனை யாருக்கு என்ற கேள்விக்குப் பதில். அடுத்த முறை ஓர் உயிரைக் காப்பாற்ற இந்தக் கேள்வி போதாது. காட்டுக்குள் இந்த நிமிடம் எத்தனை பேர், எந்தச் சரிவில் இருக்கிறார்கள் என்று அடிவாரத்தில் ஒருவருக்காவது தெரியுமா? எந்த மலையில் தீ எரிகிறது என்று ஏறப்போகிறவனுக்குத் தெரியுமா? அனுமதிச் சட்டம் எதுவாக இருந்தாலும் இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் நான் அளக்கிறேன்.

சீட்டில் ஒரு வழி, காலில் ஒரு வழி

வனத்துறை அப்போது சொன்ன விளக்கம் இது: குரங்கணியிலிருந்து மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷனுக்குப் போகும் பாதைக்குத்தான் அனுமதி, கொழுக்குமலைப் பாதைக்கு இல்லை. அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தரப்பிலும் அனுமதி பெறாத பாதை என்றே சொல்லப்பட்டது. சோதனைச் சாவடியில் சீட்டு வாங்கித்தானே போனார்கள் என்று மறுபக்கம் கேட்டது. வனச்சரகர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மூத்த ஐஏஎஸ் அதிகாரி அதுல்ய மிஸ்ரா விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டார்.

ஒரே குழு எப்படி அனுமதியோடும் அனுமதி இல்லாமலும் இருக்க முடியும்? அந்தக் காலத்துச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு இது புதிராக இருக்காது. குரங்கணிக்கு ஓரிரு வருடம் முன்பு, வேறொரு மாவட்டத்தில், வேறொரு மலையடிவாரத்தில் நாங்கள் பதினான்கு பேர் போயிருந்தோம். செக்போஸ்டில் கட்டையை ஏற்றி இறக்க ஒருவர், ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர். எத்தனை பேர் என்று கேட்டார். பதினான்கு என்றோம். தலைக்கு இவ்வளவு என்று பெருக்கி எழுதி, கார்பன் தாளைச் சரிசெய்து, கிழித்துக் கொடுத்தார். அதில் தேதி இருந்தது, தொகை இருந்தது, யாருடைய பெயரும் இல்லை. எந்தப் பாதை என்று எழுத இடமே கிடையாது. எப்போது இறங்குவோம் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஞாயிறு மாலை வேறு பக்கமாக இறங்கி, வேறு ஊரில் பஸ் ஏறிவிட்டோம். அந்தச் செக்போஸ்ட் கணக்குப்படி நாங்கள் பதினான்கு பேரும் இன்னும் மலை மேலேதான் இருக்கிறோம்.

அந்த ரசீதை அன்று பெருமையாகப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். அனுமதி வாங்கிவிட்டோம் என்ற நிம்மதி. உண்மையில் அது பணம் வாங்கியதற்கான அத்தாட்சி மட்டும்தான். நாங்கள் உள்ளே இருப்பதை அது யாருக்கும் சொல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்கும் சொல்லவில்லை.

1882-இல் எழுதிய கதவு

இந்தச் சீட்டு ஏன் இப்படி இருக்கிறது என்று தேடிப் போனால், சென்னைக்கே வந்து சேர வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கிக் காக்கும் காப்புக்காடுகளை ஆளும் சட்டம் 1882-இல் சென்னை மாகாணத்துக்காக இயற்றப்பட்டது. இன்று அதன் பெயர் தமிழ்நாடு வனச் சட்டம். காப்புக்காட்டுக்குள் செய்யக் கூடாதவற்றை அதன் 21-ஆவது பிரிவு வரிசையாகச் சொல்கிறது. தீ வைப்பது, மரம் வெட்டுவது, ஆடுமாடு மேய்ப்பது, கல் உடைப்பது. இந்த வரிசையில்தான் அத்துமீறி நுழைவதும் வருகிறது. மரமும் அதன் வருமானமும் அரசின் கையை விட்டுப் போகாமல் காப்பதுதான் நோக்கம். விறகுக்காரரும் மேய்ப்பரும் வேட்டைக்காரரும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தார்கள். சும்மா நடந்து பார்த்துவிட்டு வரலாம் என்று முந்நூறு, நானூறு கிலோமீட்டர் தாண்டி வருகிற ஒருவன் அந்தக் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அதனால் அவனுக்கு இரண்டே நிலை. அத்துமீறியவன், அல்லது வன அலுவலர் அனுமதித்தவன். அனுமதித்த பிறகு அவன்மீது யாருக்கு என்ன பொறுப்பு என்று அந்தச் சட்டம் பேசவில்லை.

சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் 1972-ஆம் ஆண்டின் வனஉயிர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 27-ஆவது பிரிவு, யார் யார் அனுமதி இல்லாமல் உள்ளே இருக்கலாம் என்று எண்ணிச் சொல்கிறது: பணியில் இருக்கும் அரசு ஊழியர், உள்ளே சொத்துரிமை உள்ளவர், பொது நெடுஞ்சாலையில் கடந்து போகிறவர் போன்றவர்கள். மற்றவர்களுக்கு 28-ஆவது பிரிவின்படி அனுமதி வேண்டும். ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா போன்ற காரணங்களுக்கு அது தரப்படலாம். சென்னைக்காரர்களுக்கு இதன் பொருள் கிண்டியிலேயே விளங்கும். ஊரின் நடுவில் சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் காடு, 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. சிறுவர் பூங்காவுக்கு டிக்கெட் வாங்கி யாரும் போகலாம். அதற்குப் பின்னால் இருக்கிற காட்டுக்குள், பொது நிலம்தானே என்று காலை நடைக்குப் போய்விட முடியாது. அந்தப் பூட்டை நான் ஆதரிக்கிறேன். அது இல்லாமல் போயிருந்தால் வெளிமானும் புள்ளிமானும் இவ்வளவு நாள் அங்கே தாக்குப்பிடித்திருக்காது.

குரங்கணி சரணாலயம் அல்ல, காப்புக்காடு. அதாவது 1882-ஆம் ஆண்டுக் கதவு. அடிவாரத்தில் அந்தக் கதவுக்கு ஒரு கட்டை இருந்தது. மேலே, கொழுக்குமலைப் பக்கம், கதவே இல்லை. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டு நிலத்தில் இருந்தாலும், அதற்கு வண்டி போகும் வழி கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான். ஜீப்பில் ஏறி மேலே போய், இறங்கும்போது தமிழகக் காட்டுக்குள் கால் வைக்கிற ஒருவர், குரங்கணிச் சாவடியை முடிவில்தான் பார்ப்பார். கீழே உட்கார்ந்து ரசீது கிழிக்கிறவர் எவ்வளவு நேர்மையாக எழுதினாலும், மேலிருந்து வருகிறவர் அவர் புத்தகத்தில் வர மாட்டார். சிக்கியவர்களின் எண்ணிக்கை அன்று மணிக்கு மணி மாறியது இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஒரு அமைப்பில் சரியான எண்ணிக்கை கிடைத்திருந்தால்தான் ஆச்சரியம்.

தீ எப்படி ஏறுகிறது

சமவெளிக்காரர்களான நமக்குத் தீ என்றால் ஓடித் தப்பிக்கக்கூடிய ஒன்று. மலைச்சரிவில் அந்தக் கணக்கு செல்லாது. சரிவில் தீ கீழிருந்து மேலே போகும்போது, சுடர் தனக்கு மேலே இருக்கும் புல்லைத் தொடுவதற்கு முன்பே காய்ச்சி வைத்துவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது தீயணைப்புப் பயிற்சியில் சொல்லும் பொதுக்கணக்கு. அதோடு, பகலில் வெயில் ஏற ஏறக் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து உச்சியை நோக்கி வீசும். மார்ச் மாதம், பிற்பகல், ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கிற புல். மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால், ஏறி ஓடுகிற மனிதனைவிடத் தீ வேகமாக ஏறும். உயரம் பாதுகாப்பு என்று மனசு சொல்லும். ஆனால் அங்கே எரிந்து முடிந்த கறுப்புத் தரையோ, புல் இல்லாத பாறையோதான் பாதுகாப்பு. உள்ளூர் ஆட்களுக்கு இது தெரியும். முதன்முறையாக மலை பார்க்க வந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

தகவல் எங்குமே இல்லாமல் இருந்த காலம் அல்ல அது. இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதலே செயற்கைக்கோள் வழியாகக் காட்டுத்தீ இருக்கும் இடங்களைக் கண்டு மாநில வனத்துறைகளுக்குச் சொல்லி வருகிறது. முதலில் ஒரு கிலோமீட்டர் அளவிலான கட்டங்களாகப் பார்த்தது. 2017 முதல் 375 மீட்டர் கட்டம் வரை பார்க்கக்கூடிய கருவியும் சேர்ந்துகொண்டது. பெயர் பதிந்துகொண்டால் பொதுமக்களுக்கே குறுஞ்செய்தி வரும். செயற்கைக்கோள் ஒரு நாளில் சில முறைதான் ஓர் இடத்தைக் கடக்கும் என்பதால் இது நிமிடக் கணக்கில் எச்சரிக்காது. ஆனாலும் இந்த வாரம் இந்த மலைத்தொடரில் தீ நடமாடுகிறது என்று காலையில் முடிவெடுக்க இது போதும். அந்தத் தகவல் வன அலுவலரின் போனுக்குப் போகிறது. சீட்டு கிழிக்கும் மேஜைக்கும் வர வேண்டும் என்று எந்த விதியும் அப்போது சொல்லவில்லை. ரசீதுப் புத்தகத்துக்கும் தீ எச்சரிக்கைக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியில் 23 பேர் இறந்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மீட்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரவில்லை. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, கமாண்டோக்கள் இறங்கினார்கள், அதெல்லாம் செய்தியில் வந்தது. அதற்கு முன்னால் புகைக்குள் ஏறியவர்கள் அந்த ஊர்க்காரர்கள், தோட்டத் தொழிலாளர்கள், மலைவாழ் மக்கள். போர்வையைக் கம்பில் கட்டி டோலி செய்து, இருட்டில், தோளில் சுமந்து இறக்கினார்கள். பின்னால் வழிகாட்டிகளைப் பற்றிப் பேசும்போது இவர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதிகள் வந்தன, பிறகு வலைதளம் வந்தது

தீ நடந்த கையோடு மாநிலம் முழுக்க மலையேற்றத்தை நிறுத்தினார்கள். அதே 2018-இல் தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. பாதைகளைக் கடினத்தைப் பொறுத்துத் தரம் பிரித்தார்கள். முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், தீக்காலத்தில் போகக் கூடாது என்று எழுத்தில் வந்தது. 1882-க்குப் பிறகு, காப்புக்காட்டை நடந்து பார்க்க வருகிறவன் என்று ஒருவன் இருக்கிறான் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது இங்கேதான். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

நடைமுறையில் என்ன ஆனது? அனுமதி கேட்டு அலைய வேண்டியிருந்தது. ஒரு வன அலுவலகத்தில் கடிதம் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்து, பதிலே வராமல் விட்ட அனுபவம் எங்களுக்கு உண்டு. இன்னொரு இடத்தில் நேரில் வாருங்கள் என்றார்கள். சென்னையில் வேலை பார்க்கிறவன் ஒரு கையெழுத்துக்காக வார நாளில் நானூறு கிலோமீட்டர் போக முடியாது. கதவு திறக்காவிட்டால் சுவர் ஏறத்தான் செய்வார்கள். அந்த ஆண்டுகளில் "லோக்கல் ஆள் ஒருத்தர் இருக்கார், பார்த்துக்குவார்" என்ற வாசகம் எங்கள் வட்டாரத்தில் சகஜமானது. அந்த லோக்கல் ஆள் விடியற்காலை நான்கு மணிக்கு, சாவடி விழிப்பதற்குள், பக்கவாட்டுப் பாதையில் கூட்டிப்போவார். பழைய ரசீதாவது எண்ணிக்கையை எழுதி வைத்தது. இதில் எழுத்தே கிடையாது. அனுமதி கிடைப்பதைக் கடினமாக்கினால் ஆபத்து குறையும் என்பது மேலோட்டமாகப் பார்த்தால் சரி. ஆபத்து அப்படியே இருந்தது. அது வனத்துறையின் கண்ணில் படாமல் போனதுதான் நடந்தது.

2024 அக்டோபர் 24 அன்று அப்போதைய துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின் தொடங்கிவைத்த 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் இந்த இடத்தில்தான் வருகிறது. வனத்துறையின் கீழுள்ள வன அனுபவக் கழகம் நடத்துகிறது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். வலைதளத்தில் பெயர், வயது, போன் எண்ணோடு பதிவு செய்ய வேண்டும். காட்டையொட்டி வாழும் மக்களிலிருந்து, பழங்குடியினர் உட்பட, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூட வருவார்கள். தேனிப் பட்டியலில் குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதையும் இருக்கிறது. அந்த ஊரின் பெயரை மறைத்துவிடாமல், கதவை ஒழுங்காகத் திறந்தது எனக்குச் சரியாகப் படுகிறது.

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் பாதை திருவள்ளூர் மாவட்டத்தில் குடியம் குகைகள். பூண்டி ஏரியைத் தாண்டிப் போக வேண்டும். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் பெயரோடு சேர்ந்த நிலப்பரப்பு அது. மலை என்று சொல்ல முடியாது, முள்காடும் மேடும்தான். ஆனால் முதல் அனுபவத்துக்கு நல்ல இடம். என் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வழிகாட்டியாக வந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கிளம்பும்போது கையில் இருந்த தாளில் பெயர்களைப் படித்தான். ஒவ்வொருவரும் கை தூக்கினோம். தண்ணீர் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று பையைத் திறந்து பார்த்தான். ஒருவர் சட்டைப் பையில் இருந்த சிகரெட் பாக்கெட்டைக் கண்டுவிட்டு, "அண்ணா, அதையும் லைட்டரையும் இங்கயே குடுத்துட்டு வாங்க, திரும்பி வரும்போது வாங்கிக்கலாம்" என்றான். குரலில் அதட்டல் இல்லை. அவரும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்.

குகைக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். சிமென்டில் கூழாங்கல்லைக் கொட்டிக் கலந்தது மாதிரி, உருண்டைக் கற்கள் பதிந்த பாறைக் கூரை. அதன் மடிப்புகளில் கறுப்பாகத் தேன்கூடுகள் தொங்கின. அக்கா மகள் போனைத் தூக்கி ஃபிளாஷ் அடிக்கப் போனாள். "வேணாம் பாப்பா, தேனீ கலைஞ்சிடும்" என்றபடி அவன் உள்ளங்கையால் போனை மறைத்தான். தேனீ கலைந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று வரும்போதே காட்டியிருந்தான். திரும்பும் வழியில் மூன்று இடத்தில் நின்று, சத்தம் போடாமல், விரலால் காற்றில் தலைகளை எண்ணினான். அடிவாரத்துக்கு வந்ததும் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக டிக் போட்டுவிட்டு, போனில் யாரிடமோ "எல்லாரும் இறங்கியாச்சு சார்" என்றான்.

பதினான்கு பேருக்கு ஒரு ரசீது வாங்கிய எனக்கு, அந்த டிக்குகளைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. என் முதல் கேள்விக்குப் பதில் அந்தத் தாளில் இருந்தது.

கட்டணம், பக்தி, இ-பாஸ்

குறை இல்லாமல் இல்லை. தொடக்கத்தில் கட்டணம் 599 ரூபாயில் ஆரம்பித்துச் சில பாதைகளுக்கு 5,000-ஐத் தாண்டியது. எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களில் குறைத்தார்கள். குறைத்த பிறகும் கல்லூரி மாணவனுக்கு அது பெரிய தொகை. பொது நிலத்தில் நடக்கும் உரிமை ஐடி சம்பளக்காரனுக்கு மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. வழிகாட்டிக்குக் கூலி கொடுக்க வேண்டும், அதில் பேரம் பேசக் கூடாது. மற்றச் செலவுகளை அரசு ஏற்கலாம், அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு மாதம் சில நாட்களை ஒதுக்கலாம். நம் காட்டைப் பார்க்காத பிள்ளைக்கு நம் காட்டின்மேல் அக்கறை எங்கிருந்து வரும்?

தீக்கால மூடலில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகளை மூடினார்கள். எங்கள் வட்டாரத்தில் முணுமுணுப்பு வந்தது. நல்ல லீவு காலம் போய்விட்டதாம். குரங்கணி நடந்தது மார்ச் 11 என்று ஒரே வரியில் பதில் போட்டேன், பேச்சு நின்றுவிட்டது.

ஆனால் இந்த இடத்தில் சட்டம் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. கோவை வெள்ளியங்கிரி ஏழுமலைக்குப் பக்தர்கள் ஏற அனுமதிக்கிற காலம் பிப்ரவரி முதல் மே வரை. மலையேற்றக்காரனுக்கு ஆபத்து என்று மூடும் அதே வாரங்களில், காய்ந்த காட்டு வழியே ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். மூச்சுத்திணறலிலும் மாரடைப்பிலும் இறந்தவர்களைப் பற்றி ஒவ்வொரு வருடமும் படிக்கிறோம். பக்தியைத் தடுக்கச் சொல்லவில்லை. என் அப்பா வெள்ளியங்கிரி ஏறியவர், மூங்கில் தடி இன்னும் வீட்டில் இருக்கிறது. மலைக்கும் தீக்கும் பக்தன், ட்ரெக்கர் என்ற வித்தியாசம் தெரியாது என்பதுதான் என் வாதம். சதுரகிரியில் 2015 மே மாதம் திடீர்க் காட்டாற்று வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்ற பிறகுதான் அங்கே கட்டுப்பாடு இறுகியது. அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தை ஒட்டிய நாட்களுக்கு மட்டும் அனுமதி என்று நீண்ட காலம் இருந்தது. மழை வந்தால் அந்த நாட்களிலும் தடை. இறப்புக்குப் பிறகு விதி வருகிறது. வெள்ளியங்கிரிக்கு அப்படி ஒரு நாள் வருவதற்கு முன்பே பெயர்ப் பட்டியலும், மேலே தீக்காவலரும், அவசரத்தில் இறங்க வழியும் வர வேண்டும்.

இ-பாஸ் இன்னொரு வகை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்கள் பதிவு செய்துவிட்டுத்தான் போக முடியும். அடுத்த வருடக் கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. இது மலைச்சாலையின் சுமையைக் குறைக்கத் தேவையான நடவடிக்கை. ஆனால் கொடைக்கானலுக்குள் போன வண்டியிலிருந்து எத்தனை பேர் இறங்கிக் காட்டுக்குள் நடந்தார்கள் என்று இ-பாஸ் சொல்லாது. கர்நாடகம் 2024 ஜனவரியில் குமார பர்வதத்தில் கூட்டம் அலைமோதிய படங்களைப் பார்த்துவிட்டு, இணையப் பதிவு இல்லாத பாதைகளை நிறுத்தி, ஒரு பாதைக்கு நாளுக்கு 300 பேர் என்று வரம்பு வைத்தது. எண்ணிக்கையை முதலில் நிர்ணயித்தது நல்லது. வழிகாட்டியை முதலில் நிர்ணயித்த நம் வழி, உயிர்ப் பாதுகாப்புக்கு இன்னும் நல்லது என்று எனக்குப் படுகிறது.

வழிகாட்டிகளைப் பற்றி ஒரு கவலை பாக்கி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழும் மக்களுக்குக் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. குரங்கணிக்கு மேலே முதுவர் பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்களுடைய கிராம சபை, "இந்த வாரம் புல் ரொம்பக் காய்ந்திருக்கிறது, ஆளை விடாதீர்கள்" என்று சொன்னால் பதிவு அன்றே நிற்க வேண்டும். நாள் கூலிக்கு வருகிற ஒருவரால் அப்படிச் சொல்ல முடியாது. சொன்னால் அன்றைய கூலி போய்விடும். பாதை மூடிய நாட்களுக்கும் வழிகாட்டிக்குச் சம்பளம் கொடுங்கள். அந்த இரண்டு மாதமும் தீத்தடுப்புக் கோடு வெட்டவும், தீக்காவலுக்கும் அவர்கள்தான் வேண்டும்.

இன்னொன்று, அந்த 40 பாதைகளுக்கு வெளியே இருக்கிற மலைகள். வார இறுதியில் சென்னையிலிருந்து கிளம்பும் வேன்களில் பல, பட்டியலில் இல்லாத இடத்துக்குத்தான் போகின்றன. பட்டியலை நூறாக்கலாம், ஆனால் ஒரே நாளில் ஆகாது. அதுவரைக்கும் கூட்டிப்போகிறவர்கள் என்னைப் போன்ற சென்னைக்காரர்கள்தான். எங்கள் குழுவில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். போகும் எல்லோருடைய பெயர், ரத்த வகை, வீட்டு எண், ஏறும் பாதை, இறங்கும் பாதை, இறங்க வேண்டிய நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மூன்று பிரதி எடுக்கிறோம். ஒன்று அடிவாரச் சாவடிக்கு. வாங்க மாட்டேன் என்று சொன்ன சாவடியும் உண்டு, அப்போது பக்கத்து டீக்கடையில் கொடுத்திருக்கிறோம். ஒன்று சென்னையில் மலைக்கு வராத ஒருவரிடம். சொன்ன நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் தாண்டினால் அவர் வனச்சரக அலுவலகத்துக்கு போன் செய்ய வேண்டும். மூன்றாவது, கடைசியில் நடக்கிறவரின் பையில்.

போன மாதம் அந்தச் சென்னைப் பொறுப்பு என் முறை. ஞாயிறு மாலை ஐந்தரைக்கு இறங்க வேண்டியவர்கள் ஏழு மணி வரை இறங்கவில்லை. தாளை எதிரில் வைத்துக்கொண்டு, பதினொரு பெயரையும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு இருபதுக்கு அழைப்பு வந்தது. ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகி மெதுவாக இறங்கியிருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் போனில் பேசச் சொல்லி, குரலைக் கேட்டுவிட்டுத்தான் டிக் போட்டேன்.